மெழுகுவத்தியும் என் கல்வித் தத்துவமும்

ஒரு நாள்கூட வகுப்பெடுக்காதவர்களிடம்தான் கல்வியைப் பற்றி மிகத் தெளிவான கருத்துகள் இருக்கும். எனக்கு எட்டுப் பக்கத்துக்கு இருந்தன. (அட்டையும் நன்றியுரையும் தனி.)

பி.எட். படித்தபோது 'எனது கல்வித் தத்துவம்' என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கூடப் படித்தவர்கள் சீனியர்கள் எழுதியதை வாங்கி, பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். நான் மட்டும், நாட்டின் கல்வியே என் பேனாவை நம்பி நிற்கிறது என்ற நினைப்பில் சொந்தமாக எழுதினேன். சாரம் இதுதான்: குழந்தை எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது. புத்தகம் சொன்னாலும், ஆசிரியரே சொன்னாலும், யார் சொன்னாலும். 'யார் சொன்னாலும்' என்பதற்கு அடியில் சிவப்பு மையில் கோடு வேறு. வகுப்பில் வாசித்தபோது பலமாகக் கை தட்டினார்கள். (அப்போதுதான் மதிய சாப்பாட்டு மணி அடித்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.)

அந்தக் கைதட்டல் கல்லூரி முதல்வர் காதுவரை போய்விட்டது. செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் அம்மா முதலில் என் வகுப்பைத்தான் பார்ப்பார் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நீ பிள்ளையார்பாளையத்துப் பொண்ணுதானேம்மா? மேடத்துக்கு ஒரு பட்டுப் புடவை வாங்கியா. அசலா இருக்கணும். காலேஜுக்குன்னு ஒரு மரியாதை இருக்குது இல்ல?"

மார்க் போட வருகிறவருக்கு முன்கூட்டியே செய்யப்படும் இந்த மரியாதையைப் பற்றி என் எட்டுப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. தலையாட்டிவிட்டு நேராக சபாபதி மாமாவிடம் போனேன். என் அம்மாவின் தம்பி, எங்கள் தெருவிலேயே புடவைக் கடை வைத்திருந்தார். பட்டு நெய்கிற எங்கள் ஊரில் வெளியாளிடம் புடவை வாங்கினால், முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்போம். அதையே தாய்மாமன் கடையில் செய்தால் உறவு முறிந்துவிடும். மாமா, மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட ஒரு புடவையை எடுத்துப் போட்டார்.

"அசல்தானே மாமா?"

"ஏம்மா, யார்கிட்ட வந்து என்னா கேக்கற? எடுத்துக்கினு போ."

எடுத்துக்கொண்டு போனேன். தேர்வுக்கு முந்தின நாளே முதல்வர் அதைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். அந்த அம்மாவுக்கு அது பிடித்துப் போய், மறுநாள் அதையே கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தத் தேர்வில் நான் தேறியே ஆக வேண்டும். வீட்டில் மாப்பிள்ளை ஜாதகங்கள் குவிந்துகொண்டிருந்தன. 'படிப்பை முடிச்சு வேலைக்குப் போனப்புறம்' என்ற ஒரே வாக்கியத்தை வைத்துத்தான் அத்தனையையும் தடுத்துக்கொண்டிருந்தேன். தேறாவிட்டால் அந்த வாக்கியம் செல்லாது.

தேர்வு எங்கள் ஊர்ப் பள்ளியில். பாடம், ஏழாம் வகுப்பு அறிவியல்: இயற்கை இழைகளும் செயற்கை இழைகளும். (பிள்ளையார்பாளையத்துப் பிள்ளைகளுக்கு நான் பட்டைப் பற்றிச் சொல்லித் தரப் போகிறேனாம்!) மேசையில் மெழுகுவத்தி, இடுக்கி, துணித் துண்டுகள். கடைசி பெஞ்சில் தேர்வாளர் அம்மா மஞ்சளாக ஜொலித்துக்கொண்டிருந்தார்; பக்கத்தில் முதல்வர். பருத்தியைக் கொளுத்தினேன், காகிதம் எரிகிற வாசனை வந்தது. பட்டைக் கொளுத்தினேன், முடி கருகுகிற நாற்றம். சாம்பல் விரலில் பொடியாக உதிர்ந்தது. பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகியது. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

வேறு வழியில்லாமல் தத்துவத்தை அவிழ்த்துவிட்டேன். "யார் சொன்னாலும் நம்பாதீங்க! நீங்களே சோதிச்சுப் பாருங்க!" என்று முழங்கினேன்.

முன் வரிசையிலிருந்து கோமதி என்ற பெண் எழுந்தாள்.

"மிஸ், இதெல்லாம் என்னா துணின்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். தெரியாத துணிய கொளுத்தினாதானே மிஸ் சோதனை?"

எனக்கு உடம்பே சிலிர்த்தது. என் எட்டுப் பக்கமும் இரட்டைச் சடை போட்டுக்கொண்டு எதிரே நின்றது. "பிரமாதம்! அப்படி ஒரு துணி சொல்லு பார்ப்போம்" என்றேன்.

கோமதி திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். மொத்த வகுப்பும் திரும்பியது.

புத்தியுள்ளவள் அந்த இடத்தில் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்திருப்பாள். நான், "மேடம், பிள்ளைங்க ஆசைப்படறாங்க. குஞ்சத்துலேர்ந்து ஒரே ஒரு நூல்" என்றேன். அந்த அம்மா பெருமையாகச் சிரித்து முந்தானையை நீட்டினார். "தாராளமா எடும்மா. காஞ்சிபுரத்துப் பட்டாச்சே!"

கோமதி ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துச் சுடரில் காட்டினாள். நூல் உருகியது, சுருண்டது, கறுப்பு மணியாக இடுக்கி நுனியில் ஒட்டிக்கொண்டது. அதுவரை கொட்டாவி விட்ட வகுப்பு ஒரே குரலில் கத்தியது: "பாலியஸ்டர்!"

"அது நெடுக்க ஓடற பாவு நூல் மிஸ்" என்று ஒருவன் எனக்கு ஆறுதல் சொன்னான். "குறுக்க ஓடற ஊடையாச்சும் பட்டா இருக்குதான்னு பாக்கலாம்."

"சரிகையையும் சுரண்டணும் மிஸ். உள்ள செகப்பு நூல் இருந்தாதான் அசல்."

"வேணாம்பா. அது சபாபதி கடை புடவை. அங்க இதே மாதிரி நெறைய தொங்கிக்கினு இருக்குது."

தேர்வாளர் அம்மா முதல்வரைப் பார்த்தார். முதல்வர் என்னைப் பார்த்தார். எனக்குப் பார்க்க ஆள் கிடைக்காமல் மெழுகுவத்தியைப் பார்த்தேன், ஊதி அணைத்தேன். (பாதுகாப்பு நடவடிக்கைக்கும் மார்க் உண்டு.)

"யார் சொன்னாலும் நம்பாதீங்கன்னு சொன்னியே, இதை நீ சோதிச்சுப் பார்த்தியா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"மாமா கடை, மேடம்" என்றேன்.

இதைவிட மட்டமான பதிலை அந்த வகுப்பறை கேட்டிருக்காது. ஆனால் அந்த அம்மாவாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. வாங்கிய மரியாதை போலி என்று யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? மதிப்பீட்டுத் தாளில் 'பாட நோக்கம் முழுமையாக நிறைவேறியது' என்று எழுதி, தேறுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே போட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலையே மாமா கடையில் போய்க் கத்தினேன். அவர் புடவை மடிப்பதை நிறுத்தவே இல்லை.

"மார்க்குக்காவ குடுக்கற புடவைக்கு இது போதும்னு நெனச்சேம்மா. நீ கட்டிக்கறதுன்னா வேற எடுத்திருப்பேன்."

எட்டுப் பக்கத்தில் நான் தொடத் துணியாத விஷயத்தை மனிதர் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். கோபம் தணியவில்லை, ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்குத் துணி எடுத்தாலும் யாராவது ஒருவர், "மெழுகுவத்தி எங்கப்பா? மிஸ் வந்துட்டாங்க" என்பார். என் கல்யாணத்தில் அது உச்சத்துக்குப் போனது. மாமா கொண்டுவந்த சீர்த் தட்டில் பூ, பழம், புடவை, நட்ட நடுவில் ஒரு மெழுகுவத்தியும் தீப்பெட்டியும். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, தட்டோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். குஞ்சத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்தினேன்.

முடி கருகுகிற நாற்றம். சாம்பல் விரலில் பொடியாக உதிர்ந்தது.

கதவுக்கு வெளியே மாமாவின் குரல் கேட்டது: "என்னா மிஸ், நான் பாஸா?"