பூஜ்யத்துக்குக் கீழே போன சிப்பி

ஒரு பொருளில் அழுக்கு எவ்வளவு என்று அறிய வேண்டுமானால், அழுக்கே இல்லாத இன்னொரு பொருள் கையில் இருக்க வேண்டும். இது கடலோர உயிரின உலோகக் கண்காணிப்பு அலுவலகத்தின் விதிமுறைக் கையேட்டில் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை எழுதியவன் நான்தான். அந்த ஒரு பக்கத்தை வைத்துத்தான் பல வருஷமாக வீட்டிலும் வெளியிலும் என்னை விஞ்ஞானி என்று சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் வேலை எளிமையானது. துறைமுகத்துப் பாறைகளில் ஒட்டியிருக்கும் சிப்பிகளை மாதம் ஒருமுறை எடுத்து வருவோம். சிப்பி எங்கும் ஓடிப்போகாது. உட்கார்ந்த இடத்திலேயே நாள் முழுக்கக் கடல்நீரை வடிகட்டி, அதிலுள்ள ஈயம், காட்மியம், பாதரசம் எல்லாவற்றையும் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். உட்கார்ந்த இடத்தில் சேர்க்கும் இந்தக் குணத்தால் சிப்பிக்கும் எங்கள் அலுவலகத்துக்கும் ஆரம்பத்திலிருந்தே நல்ல புரிதல் உண்டு. சதையை அமிலத்தில் கரைத்து இயந்திரத்துக்குள் விட்டால் ஓர் எண் வரும். கடலில் இயற்கையாகவே கொஞ்சம் உலோகம் இருக்கும் என்பதால், சுத்தமான இடத்துச் சிப்பியில் உள்ள அளவை அந்த எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். மீதி மனிதன் சேர்த்த அழுக்கு. அந்தச் சுத்தமான இடத்துச் சிப்பிக்கு ஒப்பீட்டுச் சிப்பி என்று பெயர்.

ஒப்பீட்டுச் சிப்பியைத் தூரத்துத் தீவு ஒன்றிலிருந்து எடுத்து வந்துகொண்டிருந்தோம். அப்புறம் படகு பழுதாகிவிட்டது. படகைச் சரிசெய்ய வேண்டுமானால், பழுதை நேரில் பார்த்து அதற்குரிய அதிகாரி எழுதித் தர வேண்டும். அந்த அதிகாரி தீவில் இருந்தார்.

மூன்று மாதம் அறிக்கை போகவில்லை. இயக்குநர் என்னைக் கூப்பிட்டார்.

"ஒப்பீட்டு இடம்னா எப்படி இருக்கணும்னு கையேட்டுல எழுதியிருக்கீங்க?"

"மனித நடமாட்டம் அறவே இல்லாத கடற்பகுதி, சார்."

"பக்கத்துல அப்படி ஒண்ணு கிடைக்காதா?"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பது என் பழக்கம். ஊதினேன்.

"இருக்கு சார். முலாம் பூசுற தொழிற்சாலையோட கழிவுக் குழாய் கடல்ல விழற இடம். 'அபாயம், யாரும் நுழையக் கூடாது'ன்னு போர்டு வச்சு முள்கம்பி போட்டிருக்காங்க. பதினஞ்சு வருஷமா ஒரு ஈ, காக்கா போனதில்ல."

கிண்டலாகத்தான் சொன்னேன். ஆனால் கிண்டல் என்று குறித்துவைக்க எங்கள் கோப்புகளில் தனி இடம் கிடையாது. மறுநாள் ஆணை வந்துவிட்டது: "மேற்படி கடற்பகுதியில் மனித நடமாட்டம் இல்லை என்பது பலகை வாயிலாகவும் முள்கம்பி வாயிலாகவும் ஐயந்திரிபற நிறுவப்பட்டுள்ளதால், அதுவே இனி ஒப்பீட்டு இடமாகக் கொள்ளப்படும்." கீழே முன்மொழிந்தவர் என்ற இடத்தில் என் பெயர். மறுத்திருக்கலாம். ஆனால் முதல்முறையாக என் பெயரைப் பிழையில்லாமல் அடித்திருந்தார்கள். பேசாமல் இருந்துவிட்டேன்.

எங்களுக்கும் சந்தைக்கும் சிப்பி எடுத்துத் தருகிற முக்குளிப்பவர் குழாயடியில் இறங்கி ஒரு வாளி கொண்டுவந்தார். கையைச் சொறிந்துகொண்டே வைத்துவிட்டுப் போனார்.

துறைமுகச் சிப்பியில் காட்மியம் நாலு. குழாயடிச் சிப்பியில் பதினொன்று. விதிப்படி நாலிலிருந்து பதினொன்றைக் கழித்தேன். மைனஸ் ஏழு.

இயக்குநர் தாளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மைனஸ்னா இல்லைன்னு அர்த்தமா?"

"இல்லைங்கறதுக்கும் கீழ சார். கணக்குப்படி."

"அப்படின்னா சிப்பி உலோகத்தை விட்டு விலகிப் போகுதா, இல்ல உலோகத்தை உறிஞ்சி அழிக்குதா?"

"அப்படியெல்லாம் எதுவும்..."

"ரெண்டாவதுதான் நல்லா இருக்கு. அதையே சான்றிதழா எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

எழுதினேன். அந்த வாரமே, நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் பிடித்த மீனில் பாதரசம் இருப்பதாக ஓர் ஆழ்கடல் ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்தது. இயக்குநர் உண்மையாகவே வருத்தப்பட்டார். கப்பல்கள் வந்துபோகும் துறைமுகத்தில் மைனஸ், ஆள் அரவமற்ற ஆழத்தில் பிளஸ் என்றால் அவர்கள் நிர்வாகத்தில் ஏதோ கோளாறு என்பது அவர் கருத்து. ஆழ்கடலானது கரையோரத்தை முன்மாதிரியாகக் கொண்டு தன்னைச் சீர்திருத்திக்கொள்ளுமாறு ஒரு கடிதம் போனது. அதன் வரைவும் என்னுடையதே.

அதற்குப் பிறகு ஊரே சிப்பிக்குப் பின்னால் ஓடியது. உடம்பில் சேர்ந்த உலோகத்தை உறிஞ்சி வெளியேற்றும் 'மைனஸ் சூப்' கடைக்குக் கடை வந்தது. உடற்பயிற்சி முடித்தவர்கள் குடித்தார்கள், முடிக்கப் போவதாக நினைத்தவர்களும் குடித்தார்கள். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தங்கம் தேய்ந்துவிடும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஒவ்வொரு மேசையிலும் மோதிரம் வைக்க ஒரு சின்னத் தட்டு வந்தது. எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தால் வயிற்றைத் தடவிக்காட்டி, "உடம்பு பஞ்சு மாதிரி இருக்கு சார், எல்லாம் உங்க புண்ணியம்" என்பார். நான் அடக்கமாகச் சிரிப்பேன். அந்த அடக்கத்தைக் கண்ணாடி முன்னால் பழகியிருந்தேன்.

இந்த நேரத்தில்தான் என் மகள் வீட்டுக்கு வந்தாள். ஐந்து மாதக் கர்ப்பம். கோழிப்பண்ணைத் தர ஆய்வு அலுவலகத்தில் வேலை; முட்டைப் பெட்டிகளில் குத்தும் முத்திரை அவள் பொறுப்பு. மருத்துவமனையில் அவளுக்கு ஓர் உணவுப் பட்டியல் கொடுத்திருந்தார்கள். அதில் முதல் வரி, மைனஸ் சூப், தினம் ஒரு கிண்ணம்.

ஈயமும் பாதரசமும் வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு ஆகாது. அதைச் சொல்ல விஞ்ஞானி தேவையில்லை, நானே போதும். அவள் முதல் கிண்ணத்தைக் குடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் நேராக இயக்குநர் அறைக்குப் போனேன்.

"சார், அந்த ஒப்பீட்டு இடம் தப்பு. சான்றிதழை வாபஸ் வாங்கணும்."

"தப்புங்கறதுக்கு ஆதாரம்?"

"குழாயடிச் சிப்பியில உலோகம் அதிகம் சார்."

"எதோட ஒப்பிட்டு அதிகம்?"

நான் கையேட்டைப் புரட்டினேன்.

"விதிப்படி எதையும் ஒப்பீட்டுச் சிப்பியோடதானே ஒப்பிடணும்? குழாயடிச் சிப்பியிலேருந்து குழாயடிச் சிப்பியைக் கழிங்க. என்ன வருது?"

"பூஜ்யம் சார்."

"அப்ப குழாயடியும் சுத்தம். ஏழாம் பக்கம் நீங்க எழுதினதுதானே? அருமையா எழுதியிருக்கீங்க."

மூன்று வாரம் இப்படி மனு எழுதி அலைந்தேன். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அலுவலகத்தில் மாற்றிவிட்டால் மகளிடம் சொல்ல வேண்டியிருக்காது என்ற நப்பாசை. வேறொன்றுமில்லை, வெட்கம்.

நாலாவது வாரம் அலுவலகத்தில் பாராட்டு விழா. மேசை நிறைய ஆவி பறக்கும் சூப். பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவர் வந்திருந்தார். எல்லோரும் கிண்ணத்தைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம். படம் எடுத்து முடிந்ததும் எல்லாக் கிண்ணங்களும் மேசைக்குத் திரும்பின.

"எனக்குக் காலையிலேருந்து வயிறு சரியில்ல" என்றார் இயக்குநர்.

"எனக்குப் பல்லு வலி" என்றார் கண்காணிப்பாளர். சூப்புக்குப் பல் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

இயந்திரத்தை இயக்கும் அம்மாள், "எங்க வீட்டுக்காரருக்கு ஒத்துக்காது" என்றார். அவர் கணவர் அங்கே வரவேயில்லை.

சுற்றிப் பார்த்தேன். பதினேழு பேர், பதினேழு காரணம். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக்கு எப்போதோ எச்சரிக்கை சொல்லிவிட்டார்கள் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. அசட்டுத்தனமாக அலுவலகம் மூலம் முயன்றவன் நான் ஒருவன்தான். பொன்னாடை போர்த்திக்கொண்ட முக்குளிப்பவரிடம் ஒரு கிண்ணத்தை நீட்டினார்கள்.

"எங்க வீட்ல யாரும் தொடறதில்லைங்க" என்றார் அவர் பணிவாக. "விக்கிறதுக்கே பத்தலை."

கடைசியில் சூப்பைக் குடித்தது புகைப்படக்காரர் மட்டும். பாவம், ஒன்றும் தெரியாத மனுஷன். ருசியாக இருக்கிறது என்று இரண்டாவது கிண்ணமும் கேட்டார். ஊற்றிக் கொடுத்தவன் நான்.

அன்று சாயங்காலம் மகள் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"இனிமே சிப்பி சாப்பிடாதேம்மா."

"ஏம்பா? நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

"அதனாலதான்."

எல்லாவற்றையும் சொன்னேன்.  அவள் ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் மூணு வாரமா குடிச்சிட்டிருக்கேன்ப்பா."

"தெரியும்மா."

"தெரியுமா?"

 குனிந்தபடியே தலையாட்டினேன். அப்புறம், எதையாவது செய்து ஈடுகட்ட வேண்டும் என்ற பதற்றத்தில், "உனக்குச் சத்து வேணும். முட்டை சாப்பிடு. உங்க ஆபீஸ் முத்திரை பார்த்துதான் வாங்கறேன், நானும் தினம் ரெண்டு சாப்பிடறேன்" என்றேன்.

அவள் முகம் வெளுத்தது.

"முட்டையும் வேண்டாம்ப்பா. உங்களுக்கும் வேண்டாம்."

"ஏன்?"

"சூப் கடையில மிஞ்சற சிப்பி ஓட்டைப் பொடிச்சுக் கோழித் தீவனத்துல கலக்கறாங்க, முட்டை ஓடு கெட்டியா வரணும்னு. முன்னாடி அந்தப் பொடியில உலோகம் இருக்கான்னு சோதிப்போம். இனி சோதனை தேவையில்லைன்னு நான்தான் குறிப்பு எழுதினேன்."

"ஏம்மா அப்படி எழுதினே?"

"சிப்பிக்கு உங்க சான்றிதழ் இருந்துது. அப்பா கையெழுத்தாச்சே, அதுக்கு மேல என்ன சோதனைன்னு நினைச்சேன்."

சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன, மேலே போகப் போக உடம்பில் உலோகம் பெருகிக்கொண்டே போகும் என்று கல்லூரியில் படித்தேன். கையெழுத்தும் அப்படித்தான் பெருகும் என்று அந்தப் பாடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை.

அடுப்படியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள்.

"அப்பா சான்றிதழ், பொண்ணு குறிப்பு, ரெண்டையும் கொண்டாங்க. வேகவச்சுப் போடறேன். அதுலதான் ஒண்ணுமே இல்லையே."

மறுநாள் மகள் தன் குறிப்பை ரத்து செய்யச் சொல்லி மேலதிகாரியிடம் போனாள். சிப்பி ஓட்டில் உலோகம் உண்டு என்பதற்கு உரிய அலுவலகத்திலிருந்து சான்று கொண்டுவரும்படி சொல்லி அனுப்பினார்கள். உரிய அலுவலகம் எங்களுடையது. உரிய மேசை என்னுடையது. வரிசையில் நின்று, முறை வந்ததும் விண்ணப்பத்தை நீட்டினாள். மேசைக்கு எதிரில் நிற்பவர்களை நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அன்று பார்த்தேன்.

சிப்பியை ஓட்டோடு நானே கரைத்தேன், நானே இயந்திரத்தில் விட்டேன். இந்தமுறை எதையும் கழிக்கவில்லை. வந்த எண்ணை வந்தபடி எழுதி, 'உண்பதற்கு ஏற்றதல்ல, தீவனத்துக்கும் ஏற்றதல்ல' என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். என் உத்தியோகத்தில் முதல்முறையாகக் கை நடுங்கியது.

ஒரு வாரத்தில் அந்தச் சான்று செல்லாது என்று திரும்பி வந்தது. கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோப்பில் உள்ள என் வழக்கமான கையெழுத்தோடு இது ஒத்துப்போகவில்லை என்று எழுதியிருந்தார்கள்.