இடுக்கிப் பொறுப்பு அதிகாரி

சாக்குத் தர நிர்ணயக் கழகத்தின் செம்பூர் கிளையில் நாங்கள் மொத்தம் நாலு பேர். நாட்டில் தைக்கப்படும் சாக்குகள் உண்மையிலேயே சாக்குகள்தானா என்று பார்த்துச் சான்று கொடுப்பது எங்கள் பணி. நான் இருபத்திரண்டு வருஷமாகக் கொடுத்துவருகிறேன். ஒரு மெமோ வாங்கினது கிடையாது. மேலே சொன்னால் செய்வேன், சொல்லாவிட்டால் சும்மா இருப்பேன், அவ்வளவுதான் சூட்சுமம்.

போன மாசம் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஊழியர்களிடையே குழு உணர்வு அபாயகரமான அளவுக்குக் குறைந்திருப்பதாக உயர்மட்டக் குழு கண்டறிந்திருக்கிறதாம். ஆகவே ஒவ்வொரு கிளையும், மேஜையிலேயே அடுப்பு வைத்துத் தாமே சுட்டுச் சாப்பிடும் ஜப்பானிய உணவகம் ஒன்றுக்குச் சென்று, மேற்படி உணர்வை அடைந்து, மாத முடிவுக்குள் புகைப்படத்துடன் அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும். ஜப்பான்காரன் இப்படித்தான் முன்னேறினான் என்று யாரோ மேலே சொல்லியிருக்கிறார்கள்.

அதே தபாலில் இன்னொரு காகிதமும் இருந்தது. ராய்ப்பூரில் புதுக் கிளை திறக்கிறோம், செம்பூரிலிருந்து ஒருவரை அனுப்புக. கிளை மேலாளர் சாய்நாத் சார் அனுப்புகிறவர், அவர் போக முடியாது. கிருஷ்ணா வேலையில் சேர்ந்தே ஆறு மாசம்தான். மிச்சம் நானும் நஸீராவும். என் பெண் சாதனா பன்னிரண்டாவது படிக்கிறாள். அவளை நட்ட நடுவில் விட்டுவிட்டு ராய்ப்பூர் போவது எப்படி என்பதுதான் என் கவலை. நஸீராவின் வீட்டுக்காரருக்குத் தாராவியில் பட்டறை. அவளுக்கும் கவலை இருக்கத்தான் இருக்கும், நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"லஞ்ச் ஆகட்டும், சங்கரன். அங்கே உங்க ரெண்டு பேரையும் அப்சர்வ் பண்ணிட்டு டிசைட் பண்றேன்" என்றார் சாய்நாத் சார்.

வீட்டில் மனைவி நாகலக்ஷ்மி தைரியம் சொன்னாள். "பயப்படாதேள். எப்பவும் போல அவர் சொன்னதை மட்டும் செஞ்சுட்டு வாங்கோ."

உணவகத்தில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கிருஷ்ணாவின் சாக்ஸில் ஓட்டை. மேஜையில் இரண்டு அடுப்பு பதித்திருந்தது. ஒன்று எனக்காகக் காய்கறிக்கு, மற்றது கோழிக்கு. கோழி ஹலால்தானா என்று நஸீரா முன்னாலேயே போன் செய்து விசாரித்துத் திருப்தியடைந்திருந்தாள். சாய்நாத் சார் வீடு இருக்கும் முலுண்டில் சுத்த சைவம், ரயில் காட்கோபர் தாண்டினால் எல்லாம் சாப்பிடுவார்.

நஸீரா கோழி இடுக்கியை எடுக்கப் போனாள். சார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நடத்தை விதி ஞாபகம் இருக்கா? ஒரு பொருளால பயனடையறவங்க அந்தப் பொருளைப் பரிசோதிக்கக் கூடாது. கோழி சாப்பிடறவங்க கோழி இடுக்கியைத் தொட முடியாது."

மேஜையைச் சுற்றிப் பார்த்தோம். கோழி சாப்பிடாதவன் நான் ஒருத்தன்தான்.

"சார், நான் கோழி வேகறதைக் கண்ணால பார்த்ததே கிடையாது" என்றேன்.

"அதுதான் வேணும். பாரபட்சமே இருக்காது. காய்கறியை நஸீரா பார்த்துக்கட்டும்."

பாலக்காட்டு மூதாதையர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு இடுக்கியை வாங்கினேன். சாதனாவுக்காக எதையும் பிடிக்கலாம்.

நடைமுறையும் உடனே வகுக்கப்பட்டது. துண்டின் அடிப்பக்கம் நிறம் மாறியதைக் கிருஷ்ணா கவனித்துச் சொல்ல வேண்டியது. அதன்பேரில் திருப்பலாம் என்று நான் பரிந்துரைக்க வேண்டியது. சாய்நாத் சார் ஒப்புதல் தந்தபின் திருப்ப வேண்டியது. பரிமாற வந்த பெண், துண்டுகள் மெல்லிசு, ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிஷம் போதும், வேண்டுமானால் நானே சுட்டுத் தருகிறேன் என்று ஹிந்தியில் கெஞ்சாத குறையாகச் சொன்னாள். வெளி ஏஜென்சியை விடுவதானால் டெண்டர் போட வேண்டும் என்று சார் விளக்கினார். அவள் புரிந்ததுபோலத் தலையாட்டினாள்.

முதல் தட்டுக் கோழியை அடுக்கினேன். சாருக்குத் தலைமையகத்திலிருந்து போன் வந்தது. குழு உணர்வு எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டார்கள் போலிருக்கிறது. எழுந்து வாசல் பக்கம் போனார்.

"சார், கலர் சேஞ்ச் ஹோ கயா" என்றான் கிருஷ்ணா.

"சரி. திருப்பலாம்னு பரிந்துரைக்கிறேன்" என்று நான் காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னேன்.

நாற்காலி ஒன்றும் சொல்லவில்லை. கோழியிலிருந்து கொழுப்பு சொட்டி, தீ ஒரு முழம் எழும்பியது. இதற்குள் நஸீரா தன் அடுப்பில் காளான், சோளம், சர்க்கரைவள்ளி எல்லாவற்றையும் பதமாகத் திருப்பி என் தட்டில் வைத்துவிட்டாள்.

"சாப்பிடுங்க சார், ஆறிரும்."

"யார் அப்ரூவ் பண்ணா?"

"வெந்துட்டு சார்" என்றாள். அப்புறம் என் அடுப்பைப் பார்த்தாள். "சார், அது எரியுதுல்லா? கருகதுக்குள்ள எடுத்துருங்க. இல்ல, நான் எடுக்கட்டுமா?"

"வேண்டாம். சார் வரட்டும்."

பரிமாறும் பெண் ஓடிவந்து ஐஸ் கட்டிகளைப் போட்டுத் தீயை அடக்கினாள். சார் திரும்பி வந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கரியைக் கூர்ந்து பார்த்தார்.

"திருப்பலாம்" என்றார்.

திருப்பினேன். முறைப்படி நடந்ததில் எனக்கு ஒரு நிறைவு இருந்தது. தட்டுக்கு ஒரு போன் வர, இப்படியே நாலு தட்டும் கரியான பிறகு ஒப்புதல் பெற்றன. புகையில் முகம் தெரியாமல் நாலு பேரும் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டோம். "குழு உணர்வு முழுமையாக எட்டப்பட்டது" என்று அங்கேயே அறிக்கை எழுதினேன். கடைசியில் சார் பசி தாங்காமல் என் தட்டிலிருந்த சோளத்தை எடுத்துக்கொண்டார். அதற்கு ஒப்புதல் யார் தந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை என்னை உள்ளே கூப்பிட்டார்.

"சங்கரன், நாலு தட்டுக் கோழி உங்க கண்ணெதிர்ல எரிஞ்சது. கையில இடுக்கி இருந்தது. நீங்க அசையலை. அரே, எத்தனை பேருக்கு வரும் இது? புது ஆபீஸ்னா முதல் ஆள் இப்படித்தான் இருக்கணும். ராய்ப்பூர் உங்களுக்குத்தான்."

"நஸீரா, சார்?" என்றேன்.

"அவளா? யாரையும் கேட்காம காளானைத் திருப்பினவ. அவளை நம்பி எப்படி அனுப்பறது?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "அதோட, இங்கேயும் யாராவது வேலை செய்ய வேண்டாமா?"

உத்தரவைத் தயாரிக்கச் சொன்னார். கிளையில் எல்லா உத்தரவும் நான்தான் எழுதுவது. எழுதினேன், பரிந்துரைத்தேன், கையெழுத்துக்கு வைத்தேன். ஒரு திருத்தமும் இல்லாமல் திரும்பி வந்தது.

சாயங்காலம் மாட்டுங்கா வீட்டில் நாகலக்ஷ்மி தோசைக் கரண்டியோடு என் எதிரே வந்து நின்றாள். உள்ளே சாதனா புத்தகத்தைப் புரட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

"குழந்தை படிப்பு என்னாறது? போக முடியாதுன்னு அவர்ட்ட நீங்க சொல்லப்படாதா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். யாரும் சொல்லச் சொல்லலையே."

அவள் திடீரென்று எதையோ மோந்து, அடுப்புப் பக்கம் ஓடினாள். கல்லில் தோசை கரியாகியிருந்தது. அது கருகுவதை நான் கொஞ்ச நேரமாகவே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.