ஆப்பிரிக்கா பாயின் சிவப்பு இறகு

1969, ஆடி மாதம் முதல் வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் ஆறு மணிக்கு எழுந்து, குளித்து, கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, தாலுகா ஆபீசுக்குப் போய், மாலையில் திரும்பினேன். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் வழக்கமானதல்ல.

துணியின் நிறம் பிடிக்கவில்லை என்று வந்த வேலையைத் திருப்பி அனுப்பிய தையற்காரர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் தருமபுரியில், எங்கள் தெருவில் இருந்தார் என்பதில் எனக்கு இன்றும் கர்வம் உண்டு.

மொம்பாசாவில் பல வருடம் மிஷின் மிதித்துவிட்டு வந்ததால் அவர் ஆப்பிரிக்கா பாய். அங்கிருந்து கொண்டுவந்த சொத்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சிவப்பு இறகு.

"டுராக்கோங்க. காட்டுப் பறவை. உடம்பு பச்சை, தலையில கொண்டை. உக்காந்திருந்தா இந்தச் செவப்பு தெரியாது. றெக்கைய விரிச்சா காடே பத்திக்கிட்ட மாதிரி இருக்கும்."

கல்யாண வீட்டார் ஜாக்கெட் துணியோடு வந்தால், இறகை அருகில் வைத்துப் பார்ப்பார். "இது செவப்பில்லம்மா. செவப்புன்னு சொல்லி உங்களை ஏமாத்தியிருக்கான்." அவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

எதிர்ச் சலவைக் கடை கோவிந்தனுக்கு இது பொறுக்காது. "பாய், அது சாயத்துல முக்குன கொக்கு றெக்கை. ஒரு அலசு அலசினா வெளுத்துரும்."

"அலசிப் பாருய்யா. சாயம் போச்சுன்னா மிஷினத் தூக்கிட்டுத் தெருவ விட்டே போயிடறேன்."

அந்த வெள்ளி மாலை தெருவே கூடியிருக்க, சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் கோவிந்தன் இறகை அமிழ்த்தினார். தண்ணீர் ரோஸ் நிறமானது. எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தப் பறவையின் சிவப்பில் செம்பு கலந்திருக்கிறது, சோடாத் தண்ணீரில் அது கரையும் என்று பல வருடம் கழித்து ஒரு நூலகத்தில் படித்தேன். இறகு அசல்தான். அன்று அது யாருக்கும் தெரியாது, பாய்க்கும் தெரியாது.

"நான் பொய் சொல்லலீங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டு, மிஷினின் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினார்.

கோவிந்தன் பதறிப்போனார். "உடுங்க பாய். வெளாட்டுக்குத்தானே சொன்னேன்."

"நான் வெளாட்டுக்குச் சொல்லலியே. காலைல மொத பஸ்ல பாலக்கோட்டுக்குப் போறேன், தம்பி வூட்டுக்கு."

மறுநாள் முதல் வேலையாக, பல்கூடத் துலக்காமல், சட்டைக்கு அளவு கொடுக்கப் போனேன். என் கையில் துணி இல்லை. எனக்கு முன்பே கோவிந்தன் அங்கே இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் கையிலும் துணி இல்லை.

"ஆடாம நில்லுய்யா," என்று பாய் அவருக்கு மார்பளவு எடுத்துக்கொண்டிருந்தார்.