ஜூன் முதல் தேதிப் பிள்ளைகள்

நான்கு பேரும் ஒரே நாளில் பிறந்தவர்கள் என்பது, சியோலிலிருந்து கடிதம் வந்த பிறகுதான் ஞானபாக்கியம் டீச்சருக்கு உறைத்தது.

அவளுக்கு முன்பே அந்தக் கடிதத்தைப் பாதி ஸ்ரீவில்லிபுத்தூர் பார்த்துவிட்டது. தலைமையாசிரியர் ஐயாதுரை அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காலையிலேயே ஒரு சுற்றுப் போய் வந்திருந்தார். டீக்கடை, சலூன், ரேஷன் கடை. தபால்காரரிடம் கூடக் காட்டினார். அதைக் கொண்டுவந்து கொடுத்தவரே அவர்தான்.

பெருமைப்பட விஷயம் இருந்தது. கொரிய நாட்டு மேல்நிலைப்பள்ளி மாணவர்கள் பன்னிரண்டு பேர் பண்பாட்டுப் பரிமாற்றத்துக்காக இந்தப் பள்ளிக்கு வருகிறார்கள். பதிலுக்கு இங்கிருந்து பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர், ஆகஸ்ட் மாதம் இளைஞர் தலைமைப் பயிற்சிக்காகச் சியோல் போகிறார்கள். மதுரைக்கு அப்பால் எதையும் பார்த்திராத பிள்ளைகள். பத்திரிகையில் அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பம் போட வைத்தது, கட்டுரை எழுத வைத்தது, பாஸ்போர்ட்டுக்கு அலைந்தது எல்லாம் ஞானபாக்கியம்தான்.

"டீச்சர், கடைசிப் பாராவைப் படிங்க. புல்லரிக்கும்," என்றார் ஐயாதுரை.

அவள் படித்தாள். 'உங்கள் மாணவர் நால்வரும் 1979 ஜூன் முதல் தேதி பிறந்திருப்பதை விண்ணப்பத்தில் கண்டோம். அந்த நாளில் அவர்களோடு இருப்பதற்காக எங்கள் பயணத் தேதியை மாற்றிக்கொண்டோம். பிறந்தநாள் சூப்புக்கான கடற்பாசியை நாங்களே கொண்டுவருகிறோம்.'

அவளுக்குப் புல்லரிக்கவில்லை. வேர்த்தது.

"சார், ஜூன் ஒண்ணு பள்ளிக்கூடம் திறக்கிற நாளு."

"ஆமா."

"இது புள்ளையள் பொறந்த தேதி இல்ல சார். ஒண்ணாங் கிளாஸ்ல சேர்த்த தேதி."

ஐயாதுரையின் முகத்திலிருந்த பெருமை மெல்ல இறங்கியது. அவருக்கும் தெரியாததல்ல. பிள்ளையைச் சேர்க்க வரும் தாய்தகப்பனிடம் பிறந்த தேதி கேட்டால், "பிளவக்கல் அணை நெறஞ்ச வருசம்" என்பார்கள்; "எங்க செவலைப் பசு கன்னு போட்டதுக்கு மறுநாள்" என்பார்கள். வாத்தியார் பிள்ளையின் கையைத் தலைக்கு மேலே வளைத்து மறுபக்கக் காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது. பிறந்த தேதி, ஜூன் ஒன்று. அதுதான் சர்டிபிகேட்டில் ஏறி, இப்போது பாஸ்போர்ட் வரைக்கும் போயிருந்தது.

"பொய்த் தேதின்னு அவியளுக்குத் தெரிஞ்சா?"

"நாலு புள்ளையளும் சியோலு போன மாதிரிதான்," என்றாள் ஞானபாக்கியம்.

ஐயாதுரை எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

"தெரிஞ்சாத்தானே? கொண்டாடிருவோம் டீச்சர். 'ஆமாம், நால்வரும் அன்றுதான் பிறந்தார்கள்'னு ஒரு பதில் போடுங்க."

போட்டாள். மூன்று வாரத்தில் அடுத்த கடிதம் வந்தது. 'மிக்க மகிழ்ச்சி. எங்கள் நாட்டில் பிறந்த நேரத்தையும் கேட்பது வழக்கம். நால்வரின் நேரத்தையும் எழுதவும்.'

அதற்கும் பதில் எழுதினாள். கையெழுத்துப் போட வாங்கிய ஐயாதுரை மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"ஒன்பது நாப்பது. பத்து இருபத்தஞ்சு. பதினொண்ணு இருவது. பன்னெண்டு அஞ்சு. டீச்சர், இது நம்ம பீரியட் மணியில்லா?"

"பதட்டத்துல வேற நேரமே வரல சார்."

"நடுவுல பத்து நிமிசம் இன்டர்வெல்லு வேற விட்டிருக்கிய!"

மூன்றாவது கடிதம் இன்னும் அன்பாக இருந்தது. பிறந்தநாளில் பெற்ற தாயை மறப்பது முறையல்ல. ஆகவே நான்கு தாய்மார்களையும் மேடையில் உட்காரவைத்து, கடற்பாசி சூப்பு கொடுத்து வணங்க விரும்புகிறார்கள்.

ஞானபாக்கியம் நான்கு வீட்டுக்கும் நடந்தாள். மூன்று வீட்டில் சுலபமாக முடிந்தது. நான்காவது சோலைராஜ் வீடு. அவன் அம்மா ஆவுடையம்மாள் ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்ப்பவள். ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள், தலையெல்லாம் பஞ்சு.

"யாராச்சும் கேட்டா, சோலைராஜ் எழுவத்தொம்பது ஜூன்ல பொறந்தான்னு சொல்லிருங்கக்கா."

"ஜூன்னா என்ன மாசம் டீச்சரம்மா?"

"வைகாசி."

ஆவுடையம்மாள் விரல் விட்டு எண்ணினாள். முகம் மாறியது.

"அந்த வருசம் ஆனியிலதான எனக்குக் கல்யாணமே ஆச்சு!"

"ஐயோ, அக்கா, மேடையில அதைச் சொல்லிராதிய!"

"மானம் போவுமே டீச்சரம்மா. இவன் பொறந்தது அடுத்த சித்திரையில்லா? மில்லுல அம்புட்டுப் பேரும் வேற வாராக."

"மில்லுல இருந்து ஏன் வாராக?"

"எம் மவன் ஏரோப்ளேன்ல போறான். நான் கூப்பிடாம இருப்பனா?"

ஜூன் ஒன்றாம் தேதி காலை, ராஜபாளையத்து விருந்தினர் விடுதியிலிருந்து கொரியர்களை ஏற்றிய வேன் வந்து நின்றது. பன்னிரண்டு மாணவர்கள் இறங்கி ஒரே வரிசையில் இடுப்பு வரை குனிந்தார்கள். நம் பிள்ளைகள் பதிலுக்குக் குனிந்தார்கள். அவர்கள் மறுபடி குனிந்தார்கள். இவர்களும் விடவில்லை. பி.டி. மாஸ்டர் விசில் ஊதித்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

கடைசியாக இறங்கினார் அவர்களுடைய தலைவர், கடிதங்களை எழுதிய யூன். ஐம்பது வயது இருக்கும். நரைத்த தலை, ஒல்லியான உடம்பு, குறைந்த பேச்சு. அவரோடு மொழிபெயர்ப்பாளர் நைனா முகமது. ராஜபாளையத்தில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். அதற்கு முன் ஒன்பது வருடம் சவூதியில் ஒரு கொரியக் கம்பெனியின் கட்டட வேலை. அவருடைய கொரிய மொழி அங்கே கற்றதுதான். ஆகவே சாரத்தின் உச்சியில் நிற்பவனுக்குக் கேட்கும்படி பேசித்தான் பழக்கம்.

"உள்ளே வரச் சொல்லுங்க பாய்," என்றார் ஐயாதுரை.

நைனா சொன்னார். பன்னிரண்டு பிள்ளைகளும் ஓட்டமாக ஓடிவந்து அரங்கத்தில் உட்கார்ந்தார்கள்.

அரங்கம் நிரம்பியிருந்தது. மேடையில் நான்கு மாணவர்கள், நான்கு அம்மாக்கள், நடுவில் ஐந்து கிலோ பால்கோவா, அதில் செருகிய மெழுகுவர்த்திகள் சரிந்துகொண்டே இருந்தன. கொரியப் பெண் ஒருத்தி இரண்டு கையாலும் கிண்ணத்தை ஏந்தி வந்து ஆவுடையம்மாளிடம் கொடுத்தாள். ஆவுடையம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டுப் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் குனிந்தாள்.

"உப்பு கம்மிதான். ஆனா அந்தப் புள்ளயப் பாருங்க, ஒரு சொட்டு சிந்தல. பாவம், பயந்துபோய்க் கொண்டாருது," என்றவள் முழுவதையும் குடித்து முடித்தாள்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் யூன் ஏதோ கேட்டார்.

"ஒரே பள்ளிக்கூடத்துல நாலு பேருக்கு ஒரே நாளு. உங்க ஊர்ல இது அதிசயம்தானேன்னு கேக்காரு," என்றார் நைனா.

அதிசயம் என்றால் தோண்டுவார்கள் என்று ஞானபாக்கியத்துக்குப் பயம் பிடித்தது.

"அதிசயமே இல்லன்னு சொல்லுங்க பாய். இன்னும் நாலஞ்சு பேரு கூட இருப்பாங்க."

நைனா சொன்னார். யூன் தலையை ஆட்டி மறுபடி ஏதோ சொன்னார்.

"அவியளையும் பாக்கணுமாம்."

ஐயாதுரை மைக்கைப் பிடித்தார். விருந்தாளி கேட்டு இல்லையென்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "இன்று பிறந்தநாள் உள்ள மாணவர்கள் எழுந்து நிற்கவும்!"

முதலில் ஒன்பதாம் வகுப்பு எழுந்தது. பிறகு பத்தாம் வகுப்பு. பெஞ்சுகள் கடகடவென்று நகர, ஆறாம் வகுப்பு வரைக்கும் மொத்தமும் எழுந்தது. மாணவர்கள் என்றால் தாங்களும்தானோ என்ற குழப்பத்தில் ஆசிரியர்கள் எழுந்தார்கள். வாசலில் வாட்ச்மேன் கருத்தையா ஸ்டூலை விட்டு எழுந்தார். மில்லிலிருந்து வந்திருந்தவர்களில் எட்டாவது வரை படித்த பதினைந்து பேரும் எழுந்து நின்றார்கள். ஐயாதுரை ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று.

பள்ளிக்கூடமே போகாதவர்களும், ஆஸ்பத்திரியில் பிறந்து சரியான தேதி வைத்திருந்த எட்டுப் பேரும், கொரியர்களும், ஞானபாக்கியமும் மட்டுமே உட்கார்ந்திருந்தார்கள். ஞானபாக்கியம் யோசித்தாள். தன் சர்டிபிகேட் ஞாபகம் வந்தது. அவளும் எழுந்தாள்.

கொரியப் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

நின்றவர்களில், மேடையிலிருந்த நால்வரில் ஒருத்தியான பரிபூரணம்தான் முதலில் அசைந்தாள். தீப்பெட்டி ஒட்டும் வீட்டுப் பெண். கட்டுரையில் முதலிடம் வாங்கியவள். நேராக வந்து தலைமையாசிரியர் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

"ஏட்டி, என்ன செய்யப் போற?" என்றாள் ஞானபாக்கியம் பதறி.

"நாங்க போறது தலைமைப் பயிற்சிக்கு டீச்சர். பொய் சொல்லிட்டுப் போயி அங்க என்னத்தைக் கத்துக்க?"

அவள் மைக்கில் சொன்னாள். "ஐயா, எங்களுக்கு இன்னைக்குப் பொறந்தநாள் இல்ல. எப்பன்னு எங்க வீட்டுலயும் சரியாத் தெரியாது. எங்களைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கணும்னு வாத்தியாரு எழுதின தேதி இது. எங்க டீச்சர் எங்களுக்காகத்தான் மறைச்சாக. அவுகளை ஒண்ணும் சொல்லாதிய. எங்களை வேணும்னா கழிச்சிருங்க."

மற்ற மூவரும் வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். ஆவுடையம்மாள் பெரிதாக மூச்சு விட்டாள். "அப்பாடா! சித்திரை! எம் மவன் சித்திரை!" என்று மில்காரர்களைப் பார்த்துக் கத்தினாள்.

ஞானபாக்கியத்துக்குக் கண் கலங்கியது. ஆறு மாத உழைப்பு மேடையிலேயே கரைந்துகொண்டிருந்தது. ஆனாலும் அந்தப் பெண் நின்ற நிலையைப் பார்க்க நெஞ்சு விம்மாமல் இல்லை.

நைனா முகமது ஒவ்வொரு வரியாகக் கொரிய மொழியில் முழங்கினார். யூன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுந்து, நிற்கும் கூட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துவிட்டு, நைனாவிடம் மெதுவாக, வெகு நேரம் பேசினார். சத்தம் போட்டே பழகிய நைனா காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டார்.

"என்ன பாய் சொல்லுதாரு? நாலு டிக்கெட்டும் கேன்சலா?" என்றார் ஐயாதுரை.

நைனா முகமது வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவான குரலில் சொன்னார்:

"அறுவது பள்ளிக்கூடத்து விண்ணப்பத்துல உங்களதை எடுத்ததே அந்தத் தேதியைப் பாத்துத்தானாம் சார், அவரு கிராமத்துலயும் அம்புட்டுப் பேரும் பள்ளிக்கூடம் திறந்த அன்னைக்குத்தான் பொறந்தாகளாம்!"