பேனரில் இருந்த ஐந்து பேர்

வணக்கம். எல்லோரும் சௌக்கியம்தானே? முட்டிவலி, சளி, காய்ச்சல் ஒன்றும் இல்லையே? எங்கள் பக்கம் மலைமேல் அடிக்கிற காற்றுகூட சுடுகிறது. ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து படியுங்கள். திருத்தணியில் ஒரு ராக் பேண்டு இருக்கிறது. அதற்குப் பேர் வந்த கதை இது.

சனிக்கிழமை காலையில் பேனர் கடை சத்தார் பாய் ஒரு கேள்வி கேட்டார்.

“பேர் இன்னாம்மா?”

“சௌமியா.”

“உன் பேரு எனக்குத் தெரியாதா? சின்னக் கொழந்தைல இருந்து பாக்கறேன். பேண்டுக்குப் பேரு இன்னா?”

அதைத்தான் இன்னும் வைக்கவில்லை. பேண்டு ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. மூன்றே பேர். தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் சௌமியா கிடார் வாசித்துப் பாடுவாள். பைக் மெக்கானிக் அஃப்தாப் டிரம்ஸ். செல்போன் ரிப்பேர் கடை அரசு பேஸ் கிடார். பாட்டு நான்கு தேறிவிட்டது. பேர்தான் தேறவில்லை. அஃப்தாப் ‘சைலன்சர்’ என்றான். அரசு ‘தண்டவாளம்’ என்றான். சௌமியா மலைக்கோயில் படிகளைக் கணக்கில் வைத்து ‘முந்நூத்தி அறுபத்தஞ்சு’ என்றாள். மூன்று பேரில் இரண்டு பேர் ஒத்துப்போனால் போதும் என்று முடிவு செய்திருந்தார்கள். எட்டு மாதத்தில் எந்த இரண்டு பேரும் ஒத்துப்போகவில்லை.

“சாயந்தரம் போன் பண்ணிச் சொல்றேன் பாய். நீங்க மத்ததெல்லாம் ரெடி பண்ணி வைங்க. நாளைக்குக் காலைல மண்டபத்து வாசல்ல பேனர் நிக்கணும்.”

“ஆங், நின்னுடும். நீ கவலப்படாத போ.”

கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இவர்கள் கச்சேரியைக் கேட்க, சென்னையிலிருந்து சானியா என்று ஒரு மேடம் வருகிறார். பெரிய இசைவிழா ஒன்றுக்குச் சின்ன ஊர்களிலிருந்து குழுக்களைத் தேர்ந்தெடுக்கிறவர். அவர் தேர்ந்தெடுத்தால் சென்னை மேடை. இல்லையென்றால் திங்கட்கிழமையே கிடாரை விற்றுவிட்டு, குரூப் ஃபோர் பரீட்சைக்கு அரக்கோணத்துக் கோச்சிங் வகுப்பில் சேர வேண்டும். அப்பா பக்தவச்சலம் போட்ட நிபந்தனை. சௌமியா தலையாட்டி ஒத்துக்கொண்டதும் உண்மை.

அன்று சாயந்தரம் பேரைப் பற்றி மறுபடி சண்டை. ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் வீட்டுக்குப் போனார்கள். சத்தார் பாய்க்குப் போன் செய்ய யாருக்கும் ஞாபகமில்லை.

காலையில் மண்டபத்து வாசலில் பேனர் நின்றது. பன்னிரண்டு அடி. மேலே ‘இன்று மாலை 4 மணிக்கு ராக் இசை’. நடுவில் சௌமியா, அஃப்தாப், அரசு. அவர்களுக்கு இரண்டு பக்கமும் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, முறுக்கு மீசையோடு கைகூப்பி நிற்கிற இரண்டு பெரியவர்கள். ஐந்து பேருக்கும் கீழே, ஆள் உயர எழுத்தில்: ‘தாய்மாமன்கள்’.

“பாய்! யார் இவங்க?” என்று சௌமியா போனில் அலறினாள்.

“கத்தாதம்மா. போன வாரம் ஆர்.கே.பேட்டைல மஞ்சள் நீராட்டு விழாவுக்கு அடிச்ச பேனரு. அதுலயே உங்க மூணு பேரையும் ஒக்கார வெச்சேன். பொண்ணோட மாமனுங்க போல, எடுக்க மறந்துட்டேன்.”

“புதுசா செய்யக் கூடாதா?”

“நா எப்பவும் பழசத் தெறந்து அதுலயேதான் மாத்துவேன். புதுசா ஆரம்பிச்சா கம்ப்யூட்டர் சூடாவுது. நீ பேரு சொல்லல, நா இருந்த பேர வுட்டுட்டேன். இப்ப மிஷினும் ரிப்பேரு.”

அஃப்தாப் ஏணி போட்டு ஏறினான். இரண்டு பெரியவர்களின் முகத்திலும் வெள்ளைக் காகிதத்தைப் பசை தடவி ஒட்டினான். எழுத்தை மறைக்கிற அளவுக்குக் காகிதம் இல்லை. மறைத்தாலும் மேலே எழுதப் பேர் இல்லை.

மூன்று பேரும் மண்டபத்துக்குள் போனதும், பசை காய்வதற்குள் சானியா மேடம் போன் செய்தார்.

“பேனர் போட்டோ பார்த்தேன்மா. பேர் சூப்பர்! ராக் பேண்டுக்கு ‘தாய்மாமன்கள்’! யாருக்கு வந்த ஐடியா இது?”

சௌமியா அரசுவைப் பார்த்தாள். விடிகாலையில் பேனர் ஏறியதும் கண்ணைக்கூடக் கழுவாமல் போட்டோ எடுத்து அனுப்பியவன் அவன்.

“எல்லாரும் சேந்து வெச்சதுதான் மேடம்.”

“ஆனா ஃபார்ம்ல மூணு பேர்னு இருக்கு. பேனர்ல அஞ்சு பேர் இருக்காங்களே?”

“அது... அவங்க புதுசா சேந்தவங்க மேடம்.”

“சரி, அஞ்சு பேரும் மேடையில இருக்கணும். போன ஊர்ல ஒரு குழு பத்து பேர் போட்டோ போட்டுட்டு ரெண்டு பேர் வந்து நின்னாங்க. அதுக்கப்புறம் நான் பேனரைப் பார்த்து ஆளை எண்ணித்தான் மார்க் போடறேன்.”

மேடம் போனை வைத்துவிட்டார்.

“நாம மூணு பேர்தான்னு உண்மையச் சொல்லிருக்கலாம் இல்ல?” என்றான் அஃப்தாப்.

“நீ சொல்லேன். நம்பர் தரேன்.”

“நா டிரம்ஸ்தான. பேசறது உன் வேல.”

காகிதத்தைக் கிழித்துவிட்டு, எப்படியாவது அந்த இரண்டு மாமன்களைக் கண்டுபிடிக்க வேண்டும். வாசலுக்கு ஓடினார்கள். கண்டுபிடிக்கிற வேலை மிச்சமாயிற்று. ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கிய இரண்டு வெள்ளைச் சட்டைகள் பேனருக்குக் கீழே நின்றுகொண்டிருந்தன.

“பேனர்ல நிக்கறீங்கன்னு போன் வந்து ஓடியாந்தா, எங்க மூஞ்சி மேல எவன் பேப்பர் ஒட்னது?” என்றார் மூத்தவர். பேர் முனிரத்தினம். இளையவர் தணிகைவேல் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

“தப்புதான் மாமா, இப்பவே எடுத்துடறோம்!”

அரசு ஏறி அவசரமாகக் காகிதத்தை இழுத்தான். பசை நல்ல பசை. தணிகைவேலின் பாதி மீசையும் கூடவே வந்துவிட்டது.

அரசு சட்டைப்பையிலிருந்து கறுப்பு மார்க்கரை எடுத்து மீசையை வரைந்தான். பதற்றத்தில் அது காதுவரைக்கும் போய்விட்டது. அதற்குச் சமமாக இருக்கட்டும் என்று அந்தப் பக்கத்தையும் காதுவரை இழுத்தான்.

தணிகைவேல் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

“முன்னவிட இது நல்லாத்தான் கீது,” என்றார்.

அந்த நல்ல நேரத்தைப் பிடித்துக்கொண்டு சௌமியா எல்லாவற்றையும் கொட்டினாள். சென்னை மேடம், ஐந்து பேர், குரூப் ஃபோர் எல்லாம்.

“நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் மாமா. சும்மா மேடைல வந்து நின்னா போதும்.”

“சும்மா எப்டிம்மா நிக்கறது?” முனிரத்தினத்துக்கு மறுபடி கோபம் வந்தது. “மாமன்னு இம்மாம் பெரிய எழுத்துல போட்டாச்சு. வெறுங்கையோட மேடை ஏறுனா ஊரு இன்னா பேசும்? நைனா, மார்க்கெட் எந்தப் பக்கம்?”

“மாமா, இது ராக் மியூசிக்...” என்று இழுத்தாள் சௌமியா.

“எந்த மியூசிக்கா இருந்தா இன்னா? சீர் சீர்தான்.”

மூன்றே முக்காலுக்கு மார்க்கெட் பக்கமிருந்து பம்பைச் சத்தம் கேட்டது. முன்னால் பம்பைக்காரர்கள், பின்னால் பழம், பூ, வளையல், பட்டுப்பாவாடை என்று இருபத்தோரு தட்டுகள். எங்கேயோ விசேஷம் என்று தெருவே கூட வந்தது. சாப்பாடு உண்டா என்று கேட்டுக்கொண்டே மண்டபத்தை நிரப்பினார்கள். நாற்பது பேர் வருவார்கள் என்று நினைத்த இடத்தில் நானூறு பேர்.

முன்வரிசையில் பக்தவச்சலம் எழுந்து நின்றுவிட்டார். யாரோ இரண்டு பேர் அவருடைய மகளுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“யாருங்க நீங்க?”

“பொண்ணுக்கு மாமன்,” என்றார் முனிரத்தினம்.

“என் சம்சாரத்துக்குக் கூடப் பொறந்தவங்களே கெடையாது!”

“வாசல்ல பேனர் கீது. போய்ப் படிச்சிப் பாருங்க.”

பக்தவச்சலம் தாலுகா ஆபீசில் முப்பது வருஷமாக வேலை பார்க்கிறவர். வெளியே போய்ப் படித்தார். எழுத்தில் இருந்தது, போட்டோவும் ஒத்துப்போனது. திரும்பி வந்து, “வாங்க மாப்ள, ஒக்காருங்க, காப்பி சாப்டறீங்களா?” என்று இரண்டு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

பாட்டு ஆரம்பித்தது. அரக்கோணம் லோக்கல் ரயிலைத் தவறவிட்டவனைப் பற்றிய பாட்டு. கழுத்தில் மாலையும் கிடாரும் பின்னிக்கொள்ள, சௌமியா பாடினாள். கூட்டத்தைப் பார்த்த அஃப்தாப் அவசர அவசரமாக அடித்தான். தாளம் வேகம் எடுத்தது. பாட்டில் வருகிறவன் ரயிலை ஓடிப்போய்ப் பிடித்துவிடுவான் போலிருந்தது. சௌமியாவுக்கு மூச்சு வாங்கியது. கோச்சிங் வகுப்பு கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போது முனிரத்தினம் ஒரு பித்தளைத் தட்டிலிருந்த வாழைப்பழத்தைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, மோதிர விரலால் தட்டைத் தட்ட ஆரம்பித்தார். டக்கட டக், டக்கட டக். இருபத்தைந்து வருஷம் விசைத்தறிகளுக்கு நடுவில் நின்ற மனிதர். ஒரு தட்டு முன்னே பின்னே போகவில்லை. அஃப்தாப் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டான். அரசு அஃப்தாப்பைப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு பல்லவி முடிவிலும் தணிகைவேல் கையில் பழத்தோடு, “அடி வண்டி போச்சே!” என்று ஒரு குரல் கொடுத்தார். மூன்றாவது தடவை நானூறு பேரும் அவரோடு சேர்ந்து கொடுத்தார்கள்.

சானியா மேடம் ஃபார்மோடு மேடை ஏறினார்.

“செலக்டட். அடுத்த மாசம் சென்னை. ஆனா ஒரே கண்டிஷன், இதே அஞ்சு பேர். ஒருத்தர் குறைஞ்சாலும் கேன்சல். பெரியவர் என்ன வாசிக்கிறார்?”

“தட்டு மேடம்.”

“இவர்?”

சௌமியா தணிகைவேலைப் பார்த்தாள். “மாமா,” என்றாள்.

மேடம் அப்படியே எழுதிக்கொண்டார்: தணிகைவேல், மாமா.

“குரூப் ஃபோர் எங்க போயிடப் போவுது, அடுத்த வருஷமும் வரும்,” என்று பக்தவச்சலம் மாப்பிள்ளைகளுக்குக் காபி வாங்கப் போய்விட்டார்.

பேண்டுக்குப் பேர் வந்த கதை இதுதான். உங்கள் ஊரில் கச்சேரிக் குழு, கபடிக் குழு எதற்காவது இப்படிப் பேர் வந்திருந்தால் உட்கார்ந்து எனக்கு விவரமாக எழுதுங்கள், கட்டாயம் படிப்பேன். ஆனால் இப்போதே பேனாவைத் திறக்காதீர்கள். சென்னைக்கு மாமன்கள் இன்னும் சம்மதம் சொல்லவில்லை.

சௌமியா இரண்டு பேர் முன்னாலும் போய் நின்றாள்.

“மாமா, உங்க வூட்டு விசேஷத்துக்கு அடிச்ச பேனர்ல நாங்க பூந்துட்டோம். உங்க தங்கச்சிக்கு மனசு கஷ்டமா இருந்தா நா நேர்ல வந்து மன்னிப்பு கேக்கறேன். சென்னைக்கு மட்டும் வரமாட்டேன்னு சொல்லிடாதீங்க.”

முனிரத்தினம் தட்டைக் கீழே வைத்தார்.

“எந்தத் தங்கச்சிம்மா? எங்களுக்குக் கூடப் பொறந்த பொண்ணே கெடையாது. எங்க லுங்கிக் கடை தெறப்பு விழாவுக்குப் புட்ச்ச போட்டோவ சத்தார் பாய் பழைய பேனர்ல இருந்து இன்னும் எடுக்கவே இல்ல, இதோட அஞ்சு வூட்டுக்குச் சீர் வெச்சிட்டோம், சென்னைக்கு எத்தினி தட்டு எடுத்துகினு வர்றதுன்னு மட்டும் சொல்லு!”