பல் டாக்டர் துளைத்த அச்சுக்கம்பி

மர்கிலான்,
நவ்ரூஸ் வாரம்

கீவாவில் மகள் திலோரோம் வீட்டில் பிள்ளைப்பேற்றுக்குக் காவலிருக்கும் தங்கை சல்தனத்துக்கு, அக்கா ஹோசியத் சலாம் சொல்லி எழுதுவது. நீயும் திலோரோமும் சுகமா, குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறதா, சம்பந்தி வீட்டார் மரியாதையாக நடத்துகிறார்களா? இங்கே நானும் மகன் உல்மஸும் கோழிகளும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். போனில் சொன்னால் பாதியிலேயே "குழந்தை அழுவுதுக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு அழுகை கேட்காது. அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நீ ஊரில் இல்லாதபோது கோகந்தில் உன் வீட்டுப் படி ஏறினேன். திலோரோம் பிறந்து நடந்த தொட்டில் விருந்தன்று, இனி ஏறுவதில்லை என்று நான் சபதம் போட்ட அதே படி. உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. நீ பச்சைப் பட்டு உடுத்தி இடது கையில் மூன்று வளையல் போட்டிருந்தாய். உன் வீட்டுக்காரர் துர்குன் டாக்டர், அத்தனை பேர் முன்னாலும் என் கோப்பையில் தேநீரை விளிம்பு வரை ஊற்றினார். வேண்டியவர்களுக்குக் கொஞ்சமாக ஊற்றி, ஊற்றி, உட்கார வைப்போம். நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம், இது தெரியாத உஸ்பெக் உண்டா? நான் குடிக்காமலே கிளம்பினேன். உன்மேல் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. நீ புறா. உனக்கு என்ன தெரியும்.

அப்படிப்பட்ட நான் ஏன் ஏறினேன் என்றால், உல்மஸின் ரிமோட் கார். நாற்பது வயசுக்காரனுக்கு இரண்டு ரொட்டி நீளத்தில் ஒரு கார். அதில் விரல் நீள எஃகு அச்சுக்கம்பி ஒன்று, அதன்மேல் ஒரு பல்சக்கரம். அந்தச் சக்கரம் கம்பியில் வழுக்குகிறது. மோட்டார் ஊரைக் கூட்டுகிறது, வண்டி நிற்கிறது. உல்மஸ் என்றால் அழியாதவன் என்று பேர் வைத்தோம், அவன் வண்டி எந்தப் பந்தயத்திலும் பாதி வழி தாண்டியதில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறான், கார் பந்தயச் சங்கத்தில் அவனைச் சுமைகூலி என்று கூப்பிடுகிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையும் முடிவுக் கோட்டைத் தொடாவிட்டால் அவன் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். கம்பிக்குக் குறுக்கே ஓட்டை போட்டு ஆணி செருகினால் வழுக்காது. அவ்வளவுதான் வேலை. ஆனால் துளைக்கப் போனால் துளைப்பானின் நுனி நீலமாகக் கருகிவிட்டது, கம்பியில் கீறல்கூட இல்லை.

"இரும்பு இரும்பை ஏன்டா கடிக்க மாட்டேங்குது?" என்றேன்.

"இது பதம் போட்ட எஃகும்மா. பழுக்கக் காய்ச்சி, சட்டுனு குளிர வெச்சு இறுக்கியிருக்காங்க."

"அப்போ மறுபடி காய்ச்சி, மெதுவா ஆற வெச்சா இளகாதா?"

அவன் உடனே கம்பியை எடுத்து வந்தான். என் தந்தூர் அடுப்புத் தணலில் விசிறியடித்துக் கம்பியைச் செக்கச்சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து ஆறவிட்டோம். மறுநாள் மெழுகில் இறங்குவதுபோல் துளைப்பான் இறங்கியது. முற்றத்தில் ஓட்டிப் பார்த்தால், கம்பி லக்மான் நூடுல்ஸ் இழைபோல் வளைந்து கிடக்கிறது. சரி, துளைத்தபின் மறுபடி இறுக்கலாம் என்று இரண்டாவது கம்பியை இளக்கி, துளைத்து, திரும்பக் காய்ச்சி எண்ணெயில் முக்கினான். எந்த எண்ணெய் தெரியுமா? நவ்ரூஸ் பண்டிகைப் புலாவுக்கென்று நான் உருக்கி வைத்த ஆட்டு வால்கொழுப்பு. புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி தட்டோடு வந்துவிட்டாள். வண்டி கோழிக்கூட்டில் லேசாக இடித்ததும் கம்பி கற்கண்டாக உடைந்தது. இளக்கினால் வளைகிறது, இறுக்கினால் உடைகிறது. எனக்கு என் மாமியார் ஞாபகம் வந்தது.

இருந்தது மூன்று, மிச்சம் ஒன்று. இதைச் சூடு காட்டாமலே துளைக்க வேண்டும். எஃகைவிடக் கெட்டியாக எதுதான் இருக்கிறது என்று இதே யோசனை, மாவு பிசையும்போதும். நாக்கால் பல்லைத் துழாவியபோது பட்டென்று விளங்கியது. சபதத்துக்கு முந்தைய காலத்தில் உன் வீட்டுக்காரர் என் கடைவாய்ப்பல்லின் உலோகத் தொப்பியை வைரப்பொடி பதித்த சுழல் ஊசியால் வெண்ணெய் மாதிரி அறுத்து எடுத்தாரே! டாக்டருக்குப் போன் போடு, நான் பேச மாட்டேன், நீ பேசுடா என்று உல்மஸிடம் சொன்னேன். பேசினான்.

"சித்தப்பா, பல்லு வழுக்குது. ஓட்டை போடணும்."

"ஆடுதா, வழுக்குதா?"

"வழுக்குது. கம்பி கொண்டு வரேன்."

"கம்பியெல்லாம் இங்கேயே இருக்கு. காலையில ஒண்ணும் சாப்பிடாம வா."

எஃகு துளைக்க எதற்குப் பட்டினி என்று எனக்குப் புரியவில்லை. ஏதோ காரணம் இருக்கும் என்று ரொட்டி தரவில்லை. போனோம். உன் வீட்டு முன்னறைச் சிகிச்சை நாற்காலியில் பையன் உட்கார்ந்து, விஷயம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் டாக்டர் ஈறில் மருந்தை ஏற்றிவிட்டார். உல்மஸுக்குப் பாதி முகம் மரத்து, "சழ்ழழம், சழ்ழழம்" என்கிறான். இத்தனை வருஷம் கழித்து நான்தான் வாயைத் திறக்க வேண்டியதாயிற்று.

"டாக்டரே, சக்கரம்ங்கிறான். ஓட்டை அவனுக்கில்ல, இந்தக் கம்பிக்கு."

அவர் கம்பியைப் புரட்டிப் பார்த்தார். "அப்போ இவன் எழுந்திருக்கட்டுமா?" என்றவர், "வேண்டாம், வேண்டாம். வாய் இருக்கிற உயரத்துல இருந்தாத்தான் என் கைக்கு வேலை ஓடும்" என்றார். ஆக, உல்மஸின் நெஞ்சில் சின்னப் பிடிப்பானை வைத்துக் கம்பியை இறுக்கி, தண்ணீர் பீய்ச்சப் பீய்ச்ச ஊசியைத் தொட்டுத் தொட்டு எடுத்தார். எஃகு கரைந்தது சல்தனத், பொடிப்பொடியாக. பழக்கதோஷத்தில் "வாயை நல்லாத் திற" என்றார், இவனும் திறந்தான். முகக்கவசத்துக்குள் மூச்சுவிட்டதும் அவர் கண்ணாடி பனித்துவிடும். "அக்கா, துடைங்க" என்பார், நான் தலைக்குட்டை நுனியால் துடைப்பேன். கையில் வேலையாக இருக்கும் மனிதனிடம் சண்டை போட முடியவில்லை. ஓட்டை ஊசி போல் நேராக விழுந்தது. கம்பி வளையவுமில்லை, உடையவுமில்லை.

முடிந்ததும் "தேநீர் குடிங்க அக்கா" என்றார். தாகமில்லை என்றேன். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. வேலை வேறு, கோப்பை வேறு. நீ ஊர் திரும்பியதும் அவரை என்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்.

குழந்தைக்கு நீண்ட ஆயுளும் திலோரோமுக்குத் தெம்பும் உனக்குத் தூக்கமும் அல்லாஹ் தரட்டும். எல்லோருக்கும் பேர் பேராக என் சலாம்.

உன் மேல் வருத்தமே இல்லாத அக்கா,
ஹோசியத்

பி.கு.: பந்தயம் முடிந்தபின் ஒட்டலாம் என்று கடிதத்தை வைத்திருந்தேன். உல்மஸ் கடைசியாகத்தான் வந்தான், ஆனால் கோட்டைத் தாண்டி வந்தான். சங்கத்தில் அவன் இடம் தப்பிப் பிழைத்தது. உன் வீட்டுக்காரரும் வந்திருந்தார், தன் ஓட்டையைப் பார்க்க. குளிரில் பிளாஸ்கைத் திறந்து எனக்குத் தேநீர் ஊற்றினார். விளிம்பு வரை. வழிந்து என் கை சுட்டது. கேட்டுவிடுவது என்று நிமிர்ந்தேன், ஆவியில் அவர் கண்ணாடி இரண்டும் பால்போல் வெள்ளை. தனக்கும் அப்படியே வழிய வழிய ஊற்றிக்கொண்டு, "நிரம்பிடுச்சா அக்கா?" என்கிறார். பாவம் மனுஷன். மன்னிப்பெல்லாம் வேண்டாம் என்று சொல்.

ஆனால் சல்தனத், தொட்டில் விருந்தன்று என் கோப்பை நிரம்பியபோது நீ அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். உனக்குக் கண்ணாடி கிடையாது.