‘சொல்லிட்டேன்’ என்று சொன்னவள் எழுதுவது

மாதக்கணக்கில் வீட்டுப் பக்கம் தலைகாட்டாத என் மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வாலு எழுதிக்கொள்வது. இங்கு நான், அம்மா, அப்பா மூவரும் நலம். அதாவது, சராசரியாக நலம். சராசரியை நம்பாதே என்று போனில் எனக்குப் பாடம் எடுத்தவளே நீதான். அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்த கம்ப்யூட்டர் டிஸ்குகளுக்குக் காவல் இருக்கிற வேலை உனக்கு. எது திணறுகிறது, எது மூச்சை விடப்போகிறது என்று திரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நாள் முழுவதற்கும் சராசரி போட்டால் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும், காலையில் அது பட்ட பாடு அதில் மறைந்துபோகும் என்றாய். கேட்டுக்கொண்டேன். கேட்டதோடு நிற்பேனா?

நம் வீட்டுக்கும் கண்காணிப்பு போட்டேன். சமையலறைச் சுவரில் பெரிய சார்ட். முதலில் அம்மா. அம்மாவின் க்யூ, அதாவது அவள் கைக்காகக் காத்திருக்கும் வேலைகளின் வரிசை: அப்பாவின் சாக்ஸ், என் பின்னல், அடுப்பில் பால், வாசலில் சிலிண்டர்காரர். நான் நின்று எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் பால் மட்டும் வரிசையை மீறிப் பொங்கிவிட்டது. “நீ ஒருத்தி சும்மா இருந்தாலே என் க்யூ பாதியாயிடும்டி!” என்று கரண்டியோடு துரத்தினாள். அடுத்து அப்பா. எல்லை தாண்டினால் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும் என்றாயே, அவர் குளிக்கப் பத்து நிமிடம்தான் எல்லை என்று வைத்து, குளியலறைக் கதவில் ஒரு அலாரத்தைக் கட்டித் தொங்கவிட்டேன். பஸ் ஓட்டுகிறவருக்குத் தீயணைப்புப் பயிற்சி கொடுத்துத் தொலைத்திருக்கிறார்கள். அலாரம் அலறியதும் கண்ணெல்லாம் சோப்பு நுரையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு, “எங்க தீ? எங்க தீ?” என்று ஓடிவந்து ஒரு வாளித் தண்ணீரைச் சார்ட்டின் மேல் கொட்டினார். கண்காணிப்பு அத்தோடு கரைந்தது.

கரையாமல் மிஞ்சியது ஒரே ஒரு கட்டம். லேட்டன்சி. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஓடுகிற நேரம். தினமும் டூட்டி முடிந்து வந்து ஷூவைக் கழற்றும்போது, ஷூவிடமே கேட்பதுபோல் அப்பா கேட்பார்: “அந்த ஊர்ல மழையாம்ல?” மண்டை பிளக்கிற வெயில் காலத்திலும் இதே கேள்விதான். “வெயிலாம்பா” என்பேன். “ம்” என்பார். அவர் விசாரிப்பது மழையை இல்லை என்று அந்த ஷூவுக்கே தெரியும். நீ மட்டும் லேசா? “மாத்திரை போடறாராடி?” “யாரு?” “ஏய்... உதை வாங்குவ.” ஒருவருக்கொருவர் நேராகப் பேசி எத்தனை மாதம் ஆகிறது!

கேஷ் என்று ஒன்று சொன்னாயே, பணம் இல்லாத கேஷ், டிஸ்குகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் கெட்டிக்காரி. யார் எதை எழுதக் கொடுத்தாலும் உடனே ‘எழுதியாச்சு’ என்று சொல்லி அனுப்பிவிடுவாள். டிஸ்கில் நிஜமாக எழுதுவது அப்புறம், சாவகாசமாக. நடுவில் கரண்ட் போய் அவளுடைய பேட்டரியும் தீர்ந்துவிட்டால்? கொடுத்தவர் எழுதியாச்சு என்று நம்பிக்கொண்டிருப்பார். எழுத்து எங்கேயும் இருக்காது.

அக்கா, அந்தக் கெட்டிக்காரி நான்தான்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் நீ சொன்னாய்: “வேலைல சேர டிக்கெட் எடுத்துட்டு அப்புறமா அவர்கிட்ட சொன்னது தப்புதான். சாரின்னு சொல்லுடி.” சொல்லிட்டேன் என்றேன். சொல்லவில்லை. அதே வாரம் அப்பா சொன்னார்: “அன்னிக்கு டூட்டிக்குப் போறேன்னு கோவமா கிளம்பினேன்ல, போகல. ஸ்டேஷன்ல தூண் பின்னாடி நின்னு ரயில் போற வரைக்கும் பாத்துட்டுத்தான் வந்தேன். அவகிட்ட சொல்லிடு.” சொல்லிட்டேன்பா என்றேன். சொல்லவில்லை. நல்ல நேரம் பார்த்து நடித்துக் காட்டி உங்களைச் சிரிக்கவைக்கலாம் என்று பத்திரமாக வைத்திருந்தேன். கண்ணாடி முன்னால், தூணுக்குப் பின்னால் நிற்கிற அப்பாவாக நின்று பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

சாரி கேட்டும் மனுஷன் மசியவில்லை என்று நீ இருக்கிறாய். தூண் கதையைக் கேட்டும் இவள் கரையவில்லையே என்று அவர் இருக்கிறார். இரண்டு டிஸ்கும் நல்ல டிஸ்க்தான். பழுது நடுவில். அடுத்த வாரம் நான் ஹாஸ்டலுக்குப் போகிறேன், போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். என் பேட்டரி தீர்வதற்குள் உனக்குச் சேர வேண்டியதை எழுதிவிட்டேன். அவருக்குச் சேர வேண்டிய சாரியை நீயே போன் பண்ணிச் சொல்லிவிடு. உன் வாசலை மிதிக்கவே மாட்டேன் என்று அம்மாவிடம் சபதம் போட்டவர், அவராக வருவார் என்று எதிர்பார்க்காதே. இந்தக் கடிதத்தைப் பற்றியும் அவரிடம் மூச்சு விடாதே.

டிஸ்குகளுக்குக் காட்டுகிற அக்கறையில் கால்வாசியை உன் வயிற்றுக்கும் காட்டு. அம்மா ஆசீர்வாதம் சொல்கிறாள், கரண்டி இன்னும் கையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் தூக்கத்தையும் சேர்த்துக் கெடுக்கும்
வாலு

பின்குறிப்பு: போன் எல்லாம் வேண்டாம். உறையில் ஸ்டாம்ப் இல்லை, பார்த்தாயா? உன் சர்டிஃபிகேட் அவசரம், தபாலில் போனால் தொலைந்துவிடும், கையெழுத்து வாங்காமல் திரும்பாதீங்க என்று சொல்லி அனுப்பினேன். இதைக் கொடுத்தவர் இன்னும் உன் வாசலில்தான், மாடிப்படி விளக்கை ஆராய்வதுபோல் நின்றுகொண்டிருப்பார். இத்தனை பக்கம் படிக்கிற வரைக்கும் நிற்க வைத்துவிட்டாயே, உனக்கும் லேட்டன்சி ஜாஸ்திதான். மாத்திரை அவர் சட்டைப் பையில் இருக்கிறது. உள்ளே கூப்பிட்டு உட்காரவை. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், நம்ம ஊர்ல மழையா என்று கேள். அவருக்குப் புரியும்.